வினைச்சொல்லின் வாலில் ஒரு 'நான்': லிதுவேனியப் பாடல்களில் பெண் மனம்

விடிந்தும் விடியாத நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மா, வீட்டுக்குள் நுழையும் மகளை நிறுத்திக் கேட்கிறாள்: "எங்கே போய்விட்டு வருகிறாய்? தலையில் வைத்திருக்கும் வளையம் ஏன் இப்படி நனைந்திருக்கிறது?" "இவ்வளவு சீக்கிரம் தண்ணீர் எடுக்கப் போனால் பனியில் நனையாமல் என்ன செய்யும்?" என்கிறாள் மகள். "கதை விடாதே. அந்தப் பையனோடு பேசத்தானே வயல் பக்கம் ஓடினாய்?" மகள் ஒப்புக்கொள்கிறாள். ஆமாம், பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் பேசினோம், அதற்குள் வளையம் நனைந்துவிட்டது.

இவ்வளவுதான் பாட்டு. பால்டிக் கடலோர நாடான லிதுவேனியாவின் நாட்டுப்பாடல் ஒன்றை லுத்விக் ஒசின்ஸ்கி போலிஷ் மொழியில் எழுத, அதற்குப் போலந்து இசையமைப்பாளர் ஷோப்பன் இசையமைத்தார். 1849-இல் அவர் இறந்த பிறகு வெளியான பாடல் தொகுப்பில் 'லிதுவேனியப் பாட்டு' என்ற பெயரிலேயே அது இருக்கிறது. குரலும் பியானோவும் மட்டும். இரண்டே நிமிடத்துச் சொச்சம் ஓடும். கேட்டு முடித்தபின் யோசித்துப் பார்த்தால், அந்தப் பெண் தன் மனதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது உறைக்கும். காதல் என்ற சொல் இல்லை, பயம் என்ற சொல் இல்லை. நனைந்த வளையம் ஒன்று இருக்கிறது. அகத்திணைப் பாட்டில் உள்ளுறை தேடிப் பழகிய நமக்கு இந்த வழி புதிதல்ல. ஆனால் லிதுவேனியாவில் இந்த வழி நின்றுபோகவில்லை. நாட்டுப்பாடலில் தொடங்கி, கச்சேரி மேடைப் பாடலுக்குள் நுழைந்து, இன்று அங்கே பெண்கள் எழுதி, பெண்கள் இசையமைத்து, பெண்களே பாடும் படைப்புகள் வரை வந்திருக்கிறது. அந்த நாட்டுப் பாடல்களில் பெண்ணின் 'நான்' எங்கே இருக்கிறது, எப்படி ஒளிகிறது, எப்போது வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் அந்த வளையத்தை எடுத்துக்கொள்வோம். லிதுவேனியப் பெண்கள் தலையில் வைத்த வளையம் பெரும்பாலும் 'ரூத்தா' என்ற செடியால் ஆனது. மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பூ, கசப்பு, கடுமையான வாசனை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் அருவதா என்றும் சதாப்பு இலை என்றும் கேட்டு வாங்கும் செடியும் இந்த இனம்தான். ஒவ்வொரு வீட்டிலும் மகள் தன் கையால் வைத்து வளர்க்கும் ரூத்தாப் பாத்தி இருக்கும். திருமணமாகாதவள் என்பதற்கு அந்த வளையம்தான் அடையாளம். கல்யாணத்தன்று அது தலையிலிருந்து இறங்கிவிடும். அதனால் பாட்டில் ஒருத்தி "என் ரூத்தா வாடிவிட்டது", "ரூத்தாவுக்குத் தண்ணீர் ஊற்ற இனி யார் இருக்கிறார்கள்" என்று பாடினால், கேட்கிறவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். விளக்கம் தேவைப்படாது.

இந்தப் பாடல்களை முதன்முதலில் புத்தகமாக அச்சிட்டவர் லியூத்விகஸ் ரேஸா, 1825-இல், அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில். பின்னால் அந்தானஸ் யுஷ்கா என்ற பாதிரியார் ஆயிரக்கணக்கில் திரட்டினார். திருமணப் பாடல்கள் மட்டுமே தனிப் புத்தகமாக 1883-இல் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் மகிழ்ச்சியான பாட்டுகள் என்று நினைத்துக்கொண்டு திறந்தால் ஏமாந்துபோவோம். அம்மாவை விட்டுப் போகிற பெண், மாமியார் வீட்டில் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளும் பெண், பெற்றோர் இல்லாமல் மணமேடைக்குப் போகும் பெண், இவர்கள்தான் பக்கத்துக்குப் பக்கம். மணப்பெண் ஒப்பாரி வைப்பது சடங்கிலேயே ஒரு பகுதி. ஒப்பாரிக்கு அவர்கள் மொழியில் 'ரௌதா' என்று பெயர். அழுகையைக் குறிக்கும் சமஸ்கிருத வேரும் இதுவும் ஒரே குடும்பம். அந்தச் சமஸ்கிருதச் சொல்தான் தமிழுக்கு வந்து 'ரோதனை' ஆனது. பால்டிக் கடலோரத்துப் பாட்டியின் அழுகைக்கும் "ஒரே ரோதனையாப் போச்சு" என்று நம் வீட்டில் அலுத்துக்கொள்வதற்கும் நடுவே இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

அந்தத் திருமண ஒப்பாரியில்தான் ஒரு பெண் ஊரறிய, வாய்விட்டு, தன் துக்கத்தைச் சொல்ல அனுமதி இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் ஒரு நாளுக்கு, சடங்கு என்ற போர்வைக்குள்.

பெண்கள் தங்களுக்குள் மட்டும் பாடிக்கொண்ட இன்னொரு வகை உண்டு. வடகிழக்கு லிதுவேனியாவின் 'சுதார்த்தினே'. இரண்டு, மூன்று அல்லது நான்கு பெண்கள் முகத்துக்கு முகம் பார்த்து நின்று பாடுவார்கள். ரை என்ற தானியப் பயிர் அறுக்கும்போது, ஆளிச்செடி வேலை நடக்கும்போது, கல்யாண வீட்டில், எல்லா இடத்திலும் இது இருந்தது. ஒருத்தி கதையைச் சொல்வாள், மற்றவள் பொருளில்லாத அசைகளைத் திரும்பத் திரும்பப் பாடுவாள். இரண்டு குரலுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு ஸ்வர இடைவெளி. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் ஸ-வும் ரி-யும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு ஒலிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் தடவை கேட்டபோது யாரோ சுருதி தப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது நிமிடத்தில் அந்த உரசலிலிருந்து ஒரு அதிர்வு கிளம்பி, மணி அடித்து ஓய்ந்த பின்னும் காதில் நிற்கும் ரீங்காரம் போலச் சுற்ற ஆரம்பித்தது. 'சுதார்த்தினே' என்ற சொல்லின் வேர் 'ஒத்துப்போதல்'. இரண்டு குரல்கள் உரசிக்கொண்டே நிற்பதற்குத்தான் அந்தப் பெண்கள் ஒத்துப்போதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

யுனெஸ்கோ 2010-இல் சுதார்த்தினேவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு நூறு வருடம் முன்னாலேயே அது கிராமங்களில் தேய்ந்துவிட்டது. இனிமையாக இணைந்து போகும் புதுப்பாணிப் பாட்டு பரவியதும், பழையது காதுக்குக் கரடுமுரடாகத் தெரிய ஆரம்பித்தது. பாட்டிகளிடமிருந்து கேட்டு எழுதி வைத்த சிலராலும், பின்னால் அதைக் கற்றுக்கொண்டு பாடிய பெண்கள் குழுக்களாலும்தான் அது பிழைத்தது. இன்றைய லிதுவேனிய இசையில் திரும்பத் திரும்ப வரும் சின்னச் சொற்றொடர்களையும், ஒன்றோடொன்று உரசி நிற்கும் ஸ்வரங்களையும் கேட்கும்போதெல்லாம் இந்தப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

சரி, இவையெல்லாம் கூட்டத்தில் பாடுவது. தனி ஒரு குரலும் பியானோவும் சேர்ந்த கச்சேரிப் பாட்டு லிதுவேனியாவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதற்குக் காரணம் அரசியல். அப்போது நாட்டை ஆண்ட ரஷ்ய ஜாரின் ஆட்சி 1864-இலிருந்து 1904 வரை, நாற்பது வருடம், லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடத் தடை போட்டிருந்தது. புத்தகங்களை எல்லை தாண்டித் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது வீட்டில் அம்மாதான். பெத்ரஸ் ரிம்ஷா 1906-இல் செய்த ஒரு சிற்பம் அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ராட்டையில் நூல் நூற்கும் தாய், அவள் பக்கத்தில் நின்று புத்தகம் படிக்கும் குழந்தை. பெயர் 'லிதுவேனியப் பள்ளிக்கூடம்'.

அழகான சிற்பம்தான். ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை: நூல் நூற்கும் அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? அவளை மொழியின் காவலாளி என்றார்கள், தேசத்தின் தாய் என்றார்கள். அவளுடைய களைப்பையும் ஆசையையும் பற்றிக் கேட்க அந்தக் காலத்தில் யாருக்கும் நேரம் இல்லை. தடை நீங்கியதும், 1918-இல் விடுதலை கிடைத்ததும், நாடு முதலில் கட்டியது சேர்ந்திசையைத்தான். 1924-இல் கௌனஸ் நகரத்தில் தொடங்கிய பாட்டுத் திருவிழா இன்றும் ஆயிரமாயிரம் பேர் ஒரே நேரத்தில் பாடும் நிகழ்வாக நடக்கிறது. அங்கே ஒலிப்பது 'நாம்'. 'நான்' என்று பாடுவதற்குத் தனிக் குரல் வேண்டியிருந்தது.

அந்தக் குரலுக்கான சொற்களைத் தந்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் கவிஞர் சலோமேயா நேரிஸ். 1904-இல் பிறந்தவர். 1927-இல் முதல் தொகுப்பு, பெயர் 'அதிகாலையில்'. 1938-இல் வந்த தொகுப்பின் பெயர் 'தியெமெஜ்யு ஜிதேசியு'. இந்த இரண்டு சொற்களில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். தியெமெதிஸ் என்பது வீட்டுத் தோட்டத்தில் வைக்கும் ஒரு வாசனைச் செடி. மரிக்கொழுந்தின் நெருங்கிய உறவு. 'தியெமெஜ்யு' என்றால் தியெமெதிஸாக. 'ஆக' என்று நாம் தனியே ஒட்டுவதை அவர்கள் வேற்றுமை உருபிலேயே முடித்துவிடுகிறார்கள். 'ஜிதேசியு' என்றால் பூப்பேன். நம் மொழியில் போலவே அங்கேயும் 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினையின் விகுதியிலேயே அவள் இருக்கிறாள். தியெமெதிஸாகப் பூப்பேன்.

கவிதையில் வசந்தம் ஒரு குதிரைவீரன். ஒருநாள் நீ வழக்கம்போல் துணிச்சலாகக் குதிரையில் வருவாய், அப்போது நான் இருக்கமாட்டேன் என்கிறாள். நீ குதிரையைச் சட்டென்று இழுத்து நிறுத்தித் தரையைப் பார்ப்பாய். தரை முழுக்கப் பூ. அதில் நான் தியெமெதிஸாகப் பூத்திருப்பேன். முப்பது வயதைத் தாண்டியிருந்த ஒரு பெண் தன் மரணத்தைப் பற்றி எழுதியது இது. சாவு என்ற சொல்லை அவள் பயன்படுத்தவில்லை. நனைந்த வளையத்தைக் காட்டிய அந்தப் பெண்ணின் அதே வழி: மனதைச் சொல்லாமல் செடியைக் காட்டுவது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரூத்தாவைப் பற்றிப் பாடிய பெண்ணுக்கு ஊர் வைத்த அடையாளம் அது. நேரிஸ் தன் செடியைத் தானே தேர்ந்தெடுத்தார்.

நேரிஸின் வரிகள் இசையமைப்பாளர்களைத் தலைமுறை தலைமுறையாக இழுத்திருக்கின்றன. காரணம் எளிது. குறுகிய வரி, தெளிவான சந்தம், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். ஆனால் அவருடைய பெயரைச் சொன்னால் இன்றும் அங்கே வாக்குவாதம் வரும். 1940-இல் சோவியத் ஆக்கிரமிப்பின்போது மாஸ்கோ சென்ற தூதுக்குழுவில் அவர் இருந்தார், ஸ்டாலினைப் பற்றிக் கவிதை எழுதினார். போர்க்காலத்தை ரஷ்யாவில் கழித்தார். அங்கே எழுதிய கடைசிக் கவிதைகளில் ஊருக்குத் திரும்ப முடியாத தவிப்பு நிறைந்திருக்கிறது. அவற்றை அவர் கோத்துவைத்த வடிவத்தில் அச்சிட விடவில்லை. 1945-இல், 40 வயதில், மாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார். அவர் செய்ததை மறைத்துவிட்டு அவர் பாட்டை மட்டும் ரசிக்கச் சொல்லமாட்டேன். அதே சமயம், அந்தச் செடியின் பாட்டை அவர் செய்த தவறுக்கு ஈடாகப் பிடுங்கிப் போடவும் மனம் வரவில்லை. பாடுகிறவர்கள் இரண்டையும் சுமந்துகொண்டுதான் பாடுகிறார்கள்.

அப்புறம் வந்த சோவியத் காலம், மனதை ஒளித்து வைப்பதை உவமையாக இல்லாமல் நிஜமாகவே செய்ய வைத்தது. தலியா கிரின்கெவிச்சூத்தே என்ற பெண், 14 வயதில் 1941 ஜூனில் குடும்பத்தோடு நாடுகடத்தப்பட்டு, ஆர்க்டிக் கரையில் லாப்தேவ் கடல் வரை கொண்டுபோகப்பட்டவர். 1949-இல் அம்மாவோடு தப்பி கௌனஸ் வந்து, நடந்ததையெல்லாம் தாள்களில் எழுதி, ஒரு ஜாடியில் போட்டுத் தோட்டத்தில் புதைத்தார். 1987-இல் அவர் இறந்துபோனார். ஜாடி கிடைத்தது 1991-இல். அது இசை இல்லை, தெரியும். ஆனால் அந்தக் காலத்து லிதுவேனியப் பெண்ணின் அகம் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்த ஜாடியைத்தான் காட்டுவேன்.

வெளியே மேடைகளில் நம்பிக்கையும் உற்சாகமும் நிறைந்த பாட்டைத்தான் எதிர்பார்த்தார்கள். அந்த நாட்களில் குரலும் பியானோவுமான சின்ன வடிவம் ஒரு மறைவிடமாக இருந்தது. பெயாத்ரிச்சே கிரின்செவிச்சூத்தே என்ற பாடகியை இங்கே சொல்லவேண்டும். 1911-இல் நெமுனஸ் ஆற்றங்கரை இல்குவாவில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே பார்வை மங்கி, பிறகு முழுவதும் போய்விட்டது. ஓபரா என்ற இசைநாடகத்தின் பெரிய மேடை அவருக்குக் கிடைக்கவில்லை. வானொலியிலும் சிறிய அரங்குகளிலும் நாட்டுப்பாடல்களையும் லிதுவேனிய இசையமைப்பாளர்களின் தனிப்பாடல்களையும் பாடினார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒருவருக்குச் சொல்வதுபோல இருக்கும் அவர் பாடும் விதம். 1988-இல் இறந்தார். தலைநகர் வில்னியஸில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

கவிதையில் மறைவுக்கு இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். யுதிதா வைச்சூனைத்தே 1964-இல் வந்த தொகுப்பில் 'நான்கு உருவப்படங்கள்' என்று ஒரு கவிதை வரிசை எழுதினார். கிர்கே, கலிப்ஸோ, நௌசிகா, பெனலப்பி. கிரேக்கக் காவியத்தில் வரும் ஒடிஸியஸ் என்ற வீரனின் பயணத்தில் வழியில் வந்து போகும் பெண்கள், வீட்டில் காத்திருக்கும் பெண். காவியம் அவன் பக்கத்திலிருந்து சொன்னதை இந்தப் பெண்கள் தங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். கிரேக்கக் கதைதானே என்று தணிக்கைக்காரர் கடந்துபோகலாம். அதே ஊரில் தனியாக இரவு விளக்கை அணைக்கும் ஒருத்தி அப்படிக் கடந்துபோகமாட்டாள்.

இசையில் அந்தக் காலத்தில் புதுமை செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஃபெலிக்சஸ் பயோரஸ் நாட்டுக்கதைகளை வைத்து எழுதிய பாடல் தொகுதியும், அவர் பாடல்களைக் கிராமத்துக் குரலின் கூர்மையோடு பாடிய கியெத்ரே கௌகைத்தேயும் கச்சேரிப் பாட்டென்றால் மெருகேற்றிய குரல்தான் என்ற எண்ணத்தை உடைத்தார்கள். புரோனியுஸ் குதாவிச்சியுஸ் 1978-இல் தாகூரின் வரிகளை எடுத்துக் குரல், ஓபோ என்ற ஊதுகுழல், கம்பிகளுக்கு நடுவே பொருள்களைச் செருகிய பியானோ, ஒலிநாடா ஆகியவற்றுக்கு ஒரு படைப்பு எழுதினார். பெயர் 'காட்டு நிழலில் இரு பறவைகள்'. நல்ல படைப்புகள். ஆனாலும் கவனித்துப் பாருங்கள்: பாடுகிறவள் பெண், இசையமைத்தவர் ஆண். பெண்ணின் அகத்தை ஒரு ஆண் செவி கேட்டு எழுதித் தருகிறது. கொன்ஸ்தான்சியா புருந்ஸைத்தே போல இசையமைக்க வந்த பெண்களும் இருந்தார்கள். அவர் 1971-இல், 30 வயதுகூட ஆகாமல் போய்விட்டார்.

இந்தப் பெண்களின் பெயர்களைப் படிக்கும்போது பெரும்பாலும் '-த்தே' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். லிதுவேனியாவில் பெண்ணின் குடும்பப் பெயரே அவள் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று சொல்லிவிடும். '-ஐத்தே', '-ஈத்தே', '-ஊத்தே' என்று முடிந்தால் தந்தையின் பெயர், '-யெனே' என்று முடிந்தால் கணவனின் பெயர். இரண்டையும் காட்டாத குட்டையான முடிவு ஒன்றை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது 2003-இல்தான். அச்சில் தன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் தன் குடும்ப நிலையும் சேர்ந்தே அச்சாகியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள்.

1990-இல் நாடு மீண்டும் விடுதலை அறிவித்தபின் இந்த நிலை மாறியது. சொல்லப்போனால் இன்று லிதுவேனியாவிலிருந்து உலகம் கேட்கும் இசையமைப்பாளர்களில் பெண்களின் பங்கு பெரியது. 1956-இல் பிறந்த ஒனுத்தே நார்புதைத்தே இவர்களுக்கெல்லாம் மூத்தவர். 1997-இல் தேசிய விருது பெற்றவர். ரமிந்தா ஷெர்க்ஷ்னீத்தே 2007-இல் தாகூரிடமே திரும்பிப்போய், தனிக்குரல்களும் சேர்ந்திசையும் வாத்தியக் குழுவும் சேர்ந்த 'அந்தி, விடியல் பாடல்கள்' எழுதினார். அவருடைய இசையை மிர்கா கிராஜினீத்தே-தீலா நடத்தி 2019-இல் இசைத்தட்டாக வெளியிட்டார். இசையமைத்தவரும் பெண், நடத்தியவரும் பெண்.

ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு நேராக வருகிறவர் ஜிபுவோக்லே மார்தினைதீத்தே. 1973-இல் பிறந்தவர், நியூயார்க்கில் வாழ்கிறார். லிதுவேனிய மொழியில் ஏக்கத்துக்கு 'இல்கெசிஸ்' என்று பெயர். 'இல்கஸ்' என்றால் நீண்ட. ஏக்கம் என்பது நீளம், அவ்வளவுதான். தூரம் நீளலாம், நாள் நீளலாம். மார்தினைதீத்தேயின் இசையைக் கேட்டால் இந்தச் சொல் ஒலியாக மாறியிருப்பது தெரியும். ஒரு ஸ்வரம் தொடங்கி, மெதுவாகத் தடித்து, பக்கத்து ஸ்வரத்தோடு உரசி, நிறம் மாறி, போகவே போகாமல் நிற்கும். அந்த உரசல் எங்கிருந்து வந்தது என்று மேலே பார்த்துவிட்டோம். 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது சேர்ந்திசைக்கு 'அலேதேயா' என்ற படைப்பை எழுதினார். அதில் சொற்களே இல்லை. உயிரொலிகள், மூச்சு, விம்மல், அவ்வளவுதான். அடுத்த வருடம் எழுதிய இன்னொன்றின் பெயரைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: குலவை. அதிலும் சொல் இல்லை. வளையம், செடி, கிரேக்கப் பெண் என்று எந்த மறைப்பும் இங்கே இல்லை. ஒப்பாரியிலிருந்து வார்த்தைகளை எடுத்துவிட்டால் மிஞ்சும் ஒலி மட்டும்.

வார்த்தையை முழுக்க விட்டவர் ஒருவர் என்றால், வார்த்தையை மட்டுமே பிடித்துக்கொண்டவர்கள் மூன்று பேர். எழுத்தாளர் வைவா கிரைனீத்தே, இசையமைப்பாளர் லினா லபெலீத்தே, இயக்குநர் ருகிலே பார்ஜ்ஜுகைத்தே. 2019-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் 'சூரியனும் கடலும்' என்ற படைப்புக்காகத் தங்கச் சிங்கம் விருதை வென்றதால் இவர்கள் உலகத்துக்குத் தெரிந்தார்கள். செயற்கைக் கடற்கரையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறவர்கள் மெல்லப் பாடுவார்கள், பார்வையாளர்கள் மேலே மாடத்திலிருந்து பார்ப்பார்கள். எட்டரை வயது மகன் எந்தெந்தக் கடலில் எல்லாம் நீந்திவிட்டான் என்று ஒரு பணக்கார அம்மா பட்டியல் போட்டுப் பாடும் இடம் அதில் உண்டு. பெருமை பேசுகிறாள் என்றுதான் முதலில் தோன்றும். கேட்கக் கேட்க அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் வெறுமை தெரிய வரும்.

ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமானது அவர்களுடைய முந்தைய படைப்பு. 2013-இல் வந்தது. பத்துக் காசாளர்கள், பல்பொருள் அங்காடியின் சத்தங்கள், ஒரு பியானோ. இதுதான் அந்த ஓபராவின் மொத்த வாத்தியக் குழு. சீருடை அணிந்த பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு உடல்வாகு. விலைக்கோட்டைப் படிக்கும் கருவியின் 'பீப்' சத்தம்தான் தாளம். ஒவ்வொருத்தியாகப் பாடுகிறாள். மெட்டு மிக எளியது, நாலைந்து ஸ்வரத்துக்குள் சுற்றி வரும். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் ஓடும் எண்ணங்கள்தான் பாட்டு. வேலை, வீடு, பிள்ளை, தனிமை. கலை படித்துவிட்டு அந்தத் துறையில் வேலை கிடைக்காமல் இங்கே வந்து உட்கார்ந்த ஒருத்தியும் அவர்களில் இருக்கிறாள். மேடையில் இருக்கும் ஒரே ஆண் காவலாளி. பியானோ வாசிப்பவர் அவர்தான்.

இந்த அமைப்பை யோசித்துப் பாருங்கள். நூற்றாண்டுக் காலமாகக் கச்சேரிப் பாட்டு என்றால் நடுவில் அலங்கரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண், பக்கத்தில் பியானோ. இங்கே பியானோவுக்குக் காவலாளி உடுப்பு மாட்டியிருக்கிறார்கள். பெண்ணைப் பத்தாக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருத்தியின் எண்ணம் முடியுமுன் இன்னொருத்தியின் எண்ணம் வந்து சேர்ந்துகொள்ளும்போது, அறுவடை வயலில் நின்ற அந்தப் பெண்களின் ஒத்துப்போதல் மறுபடி கேட்கிறது. விடுதலையின்போது 37 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் 28 லட்சம் சொச்சமாகக் குறைந்துபோன நாடு இது. இளையவர்கள் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வேலைக்குப் போனார்கள். ஊருக்கு ஊர் பெரிய அங்காடிகள் திறந்தன. பாட்டு அந்த இடத்துக்குப் போகாமல் வேறு எங்கே போகும்?

இந்த ஓபராவின் பெயர் 'கெரோஸ் தியெனோஸ்'. ரசீதைக் கையில் கொடுத்தபடி காசாளர்கள் சொல்லும் வாக்கியம், 'நல்ல நாளாக அமையட்டும்' என்பதுபோல. லிதுவேனிய இலக்கணத்தில் இது முழு வாக்கியம் இல்லை. 'வாழ்த்துகிறேன்' என்ற வினை விடுபட்டு, 'நல்ல நாளை' என்ற துண்டு மட்டும் வேற்றுமை உருபோடு மிஞ்சி நிற்கிறது. நேரிஸின் 'பூப்பேன்' என்ற சொல்லில் பெண் விகுதிக்குள்ளாவது இருந்தாள். இங்கே வினையே இல்லை, அதனால் அவள் ஒளிந்துகொள்ள விகுதியும் இல்லை. ஒரு நாளில் எத்தனையோ நூறு தடவை அவள் சொல்லும் வாக்கியத்தில் அவளுக்கு இடமே கிடையாது.

அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்தவர் கூடையை நகர்த்தி வைப்பதற்குள் கிடைக்கும் ஓரிரு நொடி. பீப். அந்த இடைவெளியில்தான் பத்துப் பேரும் பாடுகிறார்கள்.